கோவில்பட்டி சந்தையில் கொடுத்த மஞ்சள் நோட்டீஸ்

கோவில்பட்டி சந்தை வாசலில் லாரியை நிறுத்துகிறேன். திண்டுக்கல்லில் ஏற்றிய வெங்காயம். இறக்க ஒருத்தரும் வரவில்லை. சுமை தூக்குவோர் சங்கத்துக்கு நாளைக்குத் தேர்தலாம். எல்லார் கையிலும் மஞ்சள் நோட்டீஸ் இருக்கிறது.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். பக்கத்து ஊரான எப்போதும்வென்றான் ஆட்களைச் சங்கத்தில் சேர்க்கக் கூடாதாம். போன வருஷம் வேலைநிறுத்தம் நடந்தபோது அவர்கள் திருட்டுத்தனமாக லோடு இறக்கினார்களாம்.

உடம்பெல்லாம் எரிகிறது. அந்த வேலைநிறுத்தத்தில் மூன்று நாள் இதே இடத்தில் கிடந்தவன் நான். மூட்டைகள் அழுகி, லாரிக்கு அடியில் நீர் ஒழுகியது. அந்த எப்போதும்வென்றான்காரர்களிடம் இரட்டைக் கூலி தருகிறேன் என்று கெஞ்சினேன். சங்கம் சொல்லாமல் தொட மாட்டோம் என்று போய்விட்டார்கள். சங்கத்தில் இடமே கிடைக்காதவர்கள்!

நோட்டீஸ் கொடுக்கும் மேஸ்திரியிடம் இதை மெதுவாகச் சொல்கிறேன்.

"எனக்கும் தெரியும் அண்ணாச்சி" என்று சிரிக்கிறார். "ஓட்டு முடியட்டும். பொறவு அவிய நல்லவியன்னு நானே சொல்லுதேன்."

"அவங்க சேர்ந்தா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"என்னை எதுத்து நிக்கவன்தான் அவியளச் சேக்கணும்ங்கான். ஒமக்கு லோடு எறங்கணுமா, வேண்டாமா?"

நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. ஆனாலும் லாரிப் படியில் ஏறி நிற்கிறேன்.

"அவங்க ஒரு மூட்டையும் தொடலை! கூப்பிட்டவனே நான்தான்!" என்று சந்தை முழுக்கக் கேட்கக் கத்துகிறேன்.