எச்சிலும் தாய்மொழியும்

சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்தே ஓய்வு பெற்றவள் நான். நரம்பே தெரியாத கையில் ஊசி போடச் சொன்னாலும் அசரமாட்டேன். ஆனால் ஓய்வுக்குப் பிறகு ஒப்புக்கொண்ட எச்சில் சேகரிக்கும் வேலை என்னைக் குழப்பியதுபோல் வேறெதுவும் குழப்பியதில்லை. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். படித்து முடித்தால் தெளிந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

1. முதல் நாள்

சேந்தமங்கலம் பக்கம் ஒரு காட்டில் கடைக்கால் தோண்டும்போது பழைய தாழி ஒன்று கிளம்பியது. உள்ளே எலும்பு. அதிலிருந்து டிஎன்ஏ எடுத்து, இந்தப் பக்கம் யார் எப்போது வந்தார்கள், எந்த மொழி யாரோடு வந்தது என்று பார்க்க வேண்டும். அதுதான் ஆராய்ச்சி. நம் ஊர் வெயில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. காதோரத்துக் கெட்டி எலும்பில்கூட உருப்படியாக ஒன்றும் மிஞ்சவில்லையாம். சரி, உயிரோடு இருப்பவர்களின் எச்சிலை எடுத்து அதிலிருந்து பின்னோக்கிப் போகலாம் என்று முடிவு செய்தார்கள். அப்படித்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஆராய்ச்சி டாக்டர் மேடத்துக்கு என் மகள் வயது. அம்மா வழியாக மட்டும் இறங்கி வரும் டிஎன்ஏ ஒன்று, அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது இன்னொன்று என்று பொறுமையாக விளக்கினார். அப்படியானால் மொழி எந்த வழியாக வரும் என்று கேட்டேன். ரத்தத்தில் மொழி வராது என்றார். பிறகு எதற்கு விவரம் பதியும் டேப்லெட்டில், இந்த டேபில், ‘தாய்மொழி’ என்று ஒரு கேள்வி வைத்திருக்கிறீர்கள் என்றேன். இரண்டும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே போகவில்லை என்று பார்க்கத்தான் என்றார். தலையை ஆட்டினேன். புரிந்ததால் இல்லை, வண்டிக்கு நேரமாகிவிட்டது.

என் பெயர் ஸ்டெல்லா. அது எந்த நாட்டு வார்த்தை என்று எனக்கே சரியாகத் தெரியாது. இந்த வேலைக்குப் பொருத்தமான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

2. குமாரபாளையம்

அது தறி ஓடும் வீடு. உள்ளே தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். மேடமும் நானும் போனபோது மாமியார் சரோஜாம்மாவும், மருமகள் கவிதாவும், கவிதாவின் மூன்று வயதுப் பையனும் இருந்தார்கள். கவிதா எருமப்பட்டிக்காரி, தமிழ் வீட்டுப் பெண். காதல் கல்யாணம்.

பையனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. இரண்டு பேச்சு காதில் விழுந்தால் பிள்ளை குழம்பிவிடும், இந்த வீட்டுப் பேச்சு மட்டும் போதும் என்று மாமியார் சொல்லிவிட்டாராம். எச்சில் எடுக்கும் கிட்டைப் பிரிக்க உதவும் சாக்கில் கவிதா என்னிடம் இதைச் சொன்னாள். தெலுங்கில் அவளுக்கு வா, போ, சாப்பிடு என்பதற்கு மேல் வராது.

“அதனால நான் அவங்கிட்டப் பேசறதே இல்லைங்க,” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவள் டாக்டர் மேடத்திடமும் போய், இது ரத்தத்தில் வரும் கோளாறா, இல்லை முன்பு தான் தமிழ் பேசியதால் வந்ததா என்று கேட்டாள். இந்த டெஸ்ட் அதைச் சொல்லாதும்மா என்றார் மேடம். இரண்டு மொழி கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சு நின்றுபோகாது, ஆனாலும் பேச்சுப் பயிற்சி தருகிறவரிடம் காட்டுங்கள் என்றும் சொன்னார். சரோஜாம்மா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

டேபை எடுத்து சரோஜாம்மாவிடம் தாய்மொழி கேட்டேன். “தெலுங்குதான். இதென்ன கேள்வி சாமி?” என்றார். பதிந்துகொண்டேன்.

அடுத்து எச்சில். சர்க்கரைக்காரர் ஆனதால் வாய் வறண்டு கிடந்தது. ட்யூப்பில் நுரைகூட நிற்கவில்லை. இந்த மாதிரி ஆட்களுக்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். சின்ன வயதில் அம்மா செய்து கொடுத்த புளிப்பான பண்டம் ஏதாவது சொல்லுங்கள் என்பேன். நினைத்தாலே வாய் ஊறும்.

சரோஜாம்மா கண்ணை மூடிக்கொண்டார். புளி, வெல்லம், உப்பு, மிளகாய் போட்டு இடித்து, உருட்டிக் குச்சியில் குத்திக் கொடுப்பார்களாம். தமிழில்தான் ஆரம்பித்தார். பாதியில் பேச்சு வேறெங்கோ போய்விட்டது. தெலுங்கு என்று நினைத்தேன். கவிதாவின் முகத்தைப் பார்த்தால் அவளும் திருதிருவென்று விழிக்கிறாள்.

“சிகளி,” என்றார் சரோஜாம்மா. “பா மகா, தின்னு.”

கன்னடம், ‘வா கண்ணு, தின்னு’ என்று அவர் அம்மா கூப்பிட்டதைச் சொல்கிறார் என்று மேடம் என் காதில் சொன்னார். சரோஜாம்மா பிறந்தது கர்நாடக எல்லையோரம், தாளவாடிப் பக்கம். ஊர் எது என்று கவிதாவுக்குத் தெரியும், அந்தப் பேச்சை மட்டும் அவள் இந்த வீட்டில் கேட்டதே இல்லை. ட்யூப் கோட்டைத் தாண்டி நிரம்பிவிட்டது. போதும்மா என்றேன். அவர் நிறுத்தவில்லை.

முடித்ததும் கவிதாதான் கேட்டாள்: “அத்தை, நீங்க இந்தப் பேச்ச எப்ப உட்டீங்க?”

“உம்புருசன் பொறந்தப்ப. எம்மாமியாரு உடச் சொன்னாங்க. புள்ள கொழம்பும்னாங்க.”

எனக்கு அழுகை வந்தது, ட்யூப்புக்கு மூடி போடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். சரோஜாம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, எரிச்சலோடுதான் சொன்னார்: “நான் உட்டது போதும். நீ பேசு.”

டேபில் தாய்மொழியை மாற்றட்டுமா என்று கேட்டேன். “எதையோ போட்டுக்க சாமி,” என்று தறிப் பக்கம் போய்விட்டார். அந்த டேப் ஒரு மொழிக்கு மேல் வாங்காது. எதைப் போடுவதென்று மேடமும் நானும் வண்டியில் ஊர் வந்து சேரும்வரை பேசினோம், முடிவாகவில்லை.

3. கற்றது

பல மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. சரோஜாம்மாவின் அம்மா வழி, தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் மூன்று வகை வீடுகளிலும் இருக்கிற வழிதானாம். வெளியிலிருந்து ஆண்கள் மட்டும் வந்து உள்ளூரில் பெண் எடுத்தாலும் மொழி மாறும், ஆளே வராமலும் மாறும், இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார் மேடம். இதற்கா இத்தனை ட்யூப் என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தாய்மொழி என்ன என்பதை எச்சில் எடுத்த பிறகு கேளுங்கள். முன்னால் கேட்டால், பெண்கள் புகுந்த வீட்டின் பதிலைத்தான் சொல்வார்கள்.

கவிதாவுக்குப் போன வாரம் போன் போட்டேன். பையனைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறார்களாம். முன்னேற்றம் உண்டா என்று விசாரித்தேன்.

“அவன் இன்னும் பேசலைங்க,” என்றாள். “நான் பேசறேனுங்க.”