அம்மை அறைக்கு எட்டாத பாடம்

நாமக்கல் பக்கம் விடுதியோடு கூடிய ஒரு பெரிய பள்ளியில் நெட்வொர்க் வேலை பார்த்துவந்தேன். அரங்கில் இயற்பியல் ஆசிரியர் நடத்தும் பாடத்தைப் பிள்ளைகள் அவரவர் வகுப்பறையில் டேப்லெட்டில் நேரலையாகப் பார்க்க வேண்டும். பொதுத்தேர்வு நெருங்கும்போது சில பெண்களுக்கு அம்மை போட்டது. அவர்களை விடுதியின் கடைசி அறையில் தனியாக வைத்தார்கள்; பாடத்தை அங்கிருந்தே டேப்லெட்டில் பார்க்கச் சொன்னார்கள்.

ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் தனித்தனியாக வீடியோ போனதில் வைஃபை திணறியது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரே தடவை அனுப்பும் மல்டிகாஸ்ட் முறைக்கு மாற்றினேன். ஆனால் தூரத்தில் இருப்பவருக்கும் எட்ட வேண்டுமென்று வைஃபை அதை மிக மெதுவாக அனுப்பும். வகுப்பறைகளில் படம் நின்று நின்று வந்தது.

தாளாளர் கூப்பிட்டார். "வேகத்தைக் கூட்டி உடும்மா."

"கூட்டுனா அம்மை அறைக்கு எட்டாதுங்க ஐயா. ரெண்டு நாள் குடுங்க, வேற வழி பாக்கறேன்."

"அங்க நாலு புள்ளைங்க. இங்க பள்ளிக்கூடமே காத்துக்கிட்டு இருக்குது."

என்னிடம் மேற்கொண்டு பேசாமல், வைஃபை அமைத்துக் கொடுத்தவரைப் போனில் பிடித்து அவரே கூட்டவைத்துவிட்டார். வகுப்பறைகளில் படம் தெளிந்தது. நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் அலுவலகத் திரையிலும் ஒரு குறையும் தெரியவில்லை. தெரியவும் தெரியாது, பொதுவாக அனுப்பிய வீடியோ கிடைத்ததா என்று வைஃபை யாரையும் கேட்பதில்லை, தவறியதைத் திரும்ப அனுப்புவதுமில்லை.

இரண்டு நாள் பொறுத்தும் எனக்கு மனசு கேட்கவில்லை. சின்ன வயதிலேயே அம்மை வந்து போனவள் என்பதால் பயமில்லாமல் அந்த அறைக்குப் போனேன். ஒருத்தி டேப்லெட்டை ஜன்னல் கம்பியோடு ஒட்டிப் பிடித்திருந்தாள். திரையில் ஆசிரியரின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றது.

"ஏன் சாமி யாருகிட்டயும் சொல்லல?"

"வார்டன் அக்காகிட்டச் சொன்னமுங்க மிஸ். ஆபீஸ்ல எல்லாம் நல்லாத்தான் வருதுன்னாங்களாம். எங்களுக்குத்தான் பாக்கத் தெரியலையாட்டம்னு இருந்துட்டமுங்க."

அன்றே அந்த விடுதியின் வைஃபை பெட்டியில் மட்டும், பொதுவாக வரும் வீடியோவை ஆளுக்கொரு நகலாக மாற்றி அனுப்பும்படி அமைத்தேன். நாலே டேப்லெட் என்பதால் பாரமில்லை. ஏதாவது தவறினாலும் பெட்டி திரும்ப அனுப்பிவிடும். படம் வந்ததும் மூன்று பேர் எழுந்து உட்கார்ந்தார்கள்.

ஜன்னலோரம் நின்றவள் மட்டும், "போன பாடமெல்லாம் மறுபடி போடுவாங்களா மிஸ்?" என்றாள்.

பதிவு செய்திருக்கவில்லை. ஆசிரியரிடம் மறுபடி நடத்த முடியுமா என்று கேட்டேன். நேரமில்லை என்றார்.

மறுநாள் அவள் அப்பா வந்தார். கோழிப்பண்ணையிலிருந்து நேரே வந்த கோலம். "ஊட்டுக்கே கூட்டிட்டுப் போறமுங்க. இங்க ஒருத்தரும் கண்டுக்க மாட்டேங்கறாங்கன்னு போன்ல ஒரே அழுகைங்க."

தாளாளரிடம் நடந்ததைச் சொன்னேன். "இப்ப வருதில்ல? அப்புறமென்ன?" என்றார்.

அவள் தேர்வுக்கு மட்டும் வந்தாள். முகத்தில் தழும்பு மங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.