புத்தகத்தில் செத்துப்போன அக்கா

தட்டச்சு வேலையில் அடிப்பது சுலபம். அடித்ததைப் படித்துவிட்டோம் என்று முகத்தில் காட்டாமல் இருப்பதுதான் கஷ்டம். மிஷின் முன்னால் உட்கார்ந்து முதுகைப் பாழாக்கிக்கொண்ட சகோதர சகோதரிகளுக்கு இது புரியும். ஆபீசில் அடித்தவர்களாவது மனுவும் பதிலுமாக அடித்திருப்பீர்கள். நான் ஒரு எழுத்தாளரிடம் போய் மாட்டிக்கொண்டேன்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போன சமயம். என் அப்பா கோர்ட்டில் பிரெஞ்சு குமாஸ்தா. "இனிமே இந்த பாஷைக்குச் சோறு கிடைக்காது மரி" என்று சொல்லி, முத்தியால்பேட்டையில் இருந்த ஒரு டைப்ரைட்டிங் பள்ளிக்கு என்னை அனுப்பினார். நான் பாஸ் செய்த சமயத்தில்தான் அந்த எழுத்தாளர் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் வீடு எடுத்துக் குடிவந்தார். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சீமைக்குப் போய்ப் படித்து, இங்கிலீஷில் கதை எழுதியே உலகமெல்லாம் பேர் வாங்கினவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய அக்கா தனம் கூட இருந்து சமைத்துப் போட்டார். அவரை நான் பெரியம்மா என்பேன், எழுத்தாளரை சார் என்பேன்.

கமா

சார் கொண்டுவந்த மிஷின் வந்த வாரமே பழுதாகிவிட்டது. ஊரில் வாடகைக்குக் கிடைத்தது ஒரு பிரெஞ்சு மிஷின். அதில் எழுத்துகள் வேறு வேறு இடத்தில் இருக்கும். என் விரல்களோ இங்கிலீஷ் மிஷினில் பழகினவை, அவை பாட்டுக்குப் பழைய இடத்துக்கே போகும். 'எம்' இருக்கவேண்டிய இடத்தில் அதில் கமா இருந்தது.

சார் நடந்துகொண்டே சொல்வார், நான் அடிப்பேன். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு அவர் சொன்னது அவருடைய தாயாரைப் பற்றி. தாளை உருவிப் படித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். 'மதர்' என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் ஒரு கமாவும் பக்கத்தில் 'அதர்' என்பதும் நின்றன. முதல் நாளே சீட்டைக் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "எங்கம்மாவ யாரோ மத்தவங்களா ஆக்கிட்டியேம்மா. பரவால்ல, சீமைக்குப் போன புதுசுல நானும் அதைத்தான் பண்ணேன்."

இல்லாத வார்த்தை

இங்கிலீஷில் பேர் பெற்றவர் என்றால் வார்த்தை தண்ணீர் மாதிரி கொட்டும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. ஒரு வார்த்தைக்காக அரை நாள் ஜன்னல் பக்கம் நிற்பார். மிஷின்மேல் கையை வைத்துக்கொண்டு நானும் காத்திருப்பேன்.

ஒருநாள் 'வாழாவெட்டி' என்ற வார்த்தையில் மாட்டிக்கொண்டார். புருஷன் கைவிட்டவள் என்று போட்டுப் பார்த்தார். "இல்ல, இவளா கிளம்பி வந்தவ" என்று அதை வெட்டச் சொன்னார். பிறந்த வீட்டோடு இருப்பவள் என்று மாற்றினார். அதையும் வெட்டச் சொன்னார். "அந்த வார்த்தையில இருக்கற குத்தல் வரலையே, மரி. ஊரே சேந்து சொல்ற மாதிரி ஒரு வார்த்தை வேணும்" என்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

பெரியம்மா புருஷன் வீட்டை விட்டு வந்தவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. சமையல்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு வாசற்படிக்கு வந்தார். "எந்த வார்த்தடா?" என்றார். சார் தயங்கித் தயங்கிச் சொன்னார். பெரியம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அதுக்கு இங்கிலீசுல வார்த்தை இல்லன்னா ரொம்ப நல்லது. முடிஞ்சா தமிழ்லேர்ந்தும் எடுத்துடச் சொல்லு."

காபி

சாரைப் பார்க்க அடிக்கடி ஆள் வரும். மதராசிலிருந்து ஒரு காலேஜ் புரொபசர் பழக்கூடையோடு வந்தார். சாரின் முதல் புத்தகத்தை, அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த புத்தகத்தை, வகுப்பில் பாடமாக நடத்துகிறவர். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"உங்க அக்கா தனம் கிணத்துல விழற அந்த அத்தியாயம் இருக்கே சார், அதைப் படிக்கறப்ப எனக்குக் குரல் உடைஞ்சிடும். பசங்க எல்லாரும் அழுவாங்க. அவங்க தவறி எத்தனை வருஷம் ஆச்சு?"

சாரின் பார்வை புரொபசரைத் தாண்டிப் போனது. நானும் திரும்பினேன். பெரியம்மா தட்டில் இரண்டு டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். தம்பி எழுதின புத்தகத்தில் தான் இருப்பது அவருக்குத் தெரியும். செத்துப்போனது தெரியாது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவரிடம் அதுவரை யாரும் சொல்லவில்லை.

தட்டு ஆடவில்லை. மேஜைமேல் டம்ளர்களை வைத்துவிட்டுச் சொன்னார்: "நான்தான் தனம். காபிக்குச் சக்கர போதுமான்னு பாருங்க."

கிணறு

மறுநாளிலிருந்து சார் சாயங்காலம் கடற்கரைக்குப் போனதும் பெரியம்மா அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து என் முன்னால் வைப்பார். "தமிழ்ல சொல்லு. எதையும் உடாத" என்பார். பக்கம் பக்கமாகச் சொன்னேன். மாடு, வயல், அவர்கள் அப்பாவின் கோபம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "கறவை மாட்டு நெத்தியில இருந்த சுழியக்கூட எழுதியிருக்கானே" என்று ஓரிடத்தில் சிரித்தார்.

கிணற்று அத்தியாயம் வந்தபோது என் குரல் தானாகத் தணிந்தது. புகுந்த வீட்டில் அடி வாங்கின தனம் விடியற்காலையில் கிளம்பிப் போகிறாள். ஊர் தேடுகிறது. கிணற்றில் சேலை மிதக்கிறது. படித்து முடித்துவிட்டு நான் நிமிரவே இல்லை. அழுகிறாரோ என்று பயம். அழவில்லை. புகுந்த வீட்டை விட்டு வந்ததும், மாடு வளர்த்துப் பால் ஊற்றித் தம்பியைப் படிக்கவைத்ததும் அன்றைக்குத்தான் அவர் வாயால் எனக்குத் தெரிந்தது. எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"கெணத்துல செத்தவ எப்படிடி அவனுக்குக் கப்பல் டிக்கெட்டு எடுத்துக் குடுத்தா?"

எட்டிப் பார்த்தவர்

கேள்வியை அவர் என்னோடு விடவில்லை. சார் உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவரிடமும் அதையே கேட்டார். நான் எழுந்து போகப் பார்த்தேன். "நீ குந்து, நீதான படிச்ச" என்றார் பெரியம்மா.

"அது கதைக்கா" என்றார் சார்.

"கதைன்னா எம் பேர ஏன்டா வெச்ச?"

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். "அன்னிக்கு உன் புருஷன் வூட்லேர்ந்து நீ காணலன்னு சேதி வந்ததும் அப்பா ஆளுங்கள ரோட்டுக்கு அனுப்பல. கெணத்துக்கு அனுப்பினாரு. நானும் ஓடினேன். ஒவ்வொரு கெணறா எட்டிப் பாத்தேன்க்கா. எதுலயும் நீ இல்ல. ஆனா பாக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுலயும் நீ இருந்த. சாயங்காலம் நீ வந்துட்ட. அந்தப் பயம் போவல. அங்க குளிர்ல தனியா கெடந்தப்ப அதுதான் வந்தது. எழுதிட்டேன்."

பெரியம்மா சண்டைக்குத்தான் நின்றிருந்தார். இதைக் கேட்டதும் தம்பி பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கையைத் தம்பியின் முழங்கால்மேல் வைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அடப்பாவி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நம்ம அத்தை வூட்டு மாட்டுக் கொட்டாயிலதான்டா குந்திக்கினு இருந்தேன். பொழுது போனா அப்பா கோவம் எறங்கும்னு."

அக்கா சம்மதம்

அதுவரை அடித்திருந்த புதுக்கதையைச் சார் அப்படியே ஓரமாக வைத்தார். கொஞ்ச நாள் மிஷின் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் பெரியம்மாவைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். அவர் மொச்சை உரித்துக்கொண்டே சொல்வார். சார் அதை இங்கிலீஷில் எனக்குச் சொல்வார். "இப்ப என்னா சொன்னான்?" என்று பெரியம்மா என்னைக் கேட்பார். நான் சொன்னால், "ம்ஹும், நான் அப்படிச் சொல்லல" என்பார். சார் திருத்துவார். சில நாள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு அறைக்குப் போய்விடுவார்கள், நான் பாதிவரியில் உட்கார்ந்திருப்பேன். பயந்து கிணறு கிணறாக எட்டிப் பார்க்கும் பையனும், மாட்டுக் கொட்டகையில் பசியோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணும் ஒரே புத்தகத்தில் வந்தது அப்படித்தான்.

முதல் புத்தகம் போட்ட சீமைக் கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை. எழுத்து நன்றாக இருக்கிறது, முடிவில் கனம் இல்லை, தனம் இறந்துபோவதாக மாற்றினால் உடனே போடுகிறோம் என்று எழுதினார்கள். சாருக்கு அப்போது புத்தகம் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஊர் அவரை மறந்துகொண்டிருந்தது, அது அவருக்கும் தெரியும். ஜன்னல் பக்கம் போய் நின்றார். வார்த்தை தேடும்போது நிற்கிற மாதிரிதான் நின்றார், ஆனால் இந்தத் தடவை சீக்கிரம் திரும்பினார். பதிலுக்குத் தாள் சொருகச் சொன்னார்.

"அக்கா சாக ஒத்துக்க மாட்டாங்கன்னு அடி. வேற ஒண்ணும் வேணாம்."

மாட்டுக் கொட்டகை

கடைசியில் சின்னக் கம்பெனி ஒன்று அதைப் போட்டது. முதல் புத்தகத்துக்குக் கிடைத்த பேச்சில் கால்வாசிகூட இதற்குக் கிடைக்கவில்லை. மதராஸ் புரொபசர் பழக்கூடையோடு வரவில்லை. சார் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

அட்டை மணம் மாறாத அந்தப் புத்தகத்தைப் பெரியம்மாவுக்கு நான் முதலிலிருந்து தமிழில் சொன்னேன். சாரும் கூட உட்கார்ந்திருந்தார். இந்த ஊர் எழுத்தாளர்கள் சங்கத்துக்கு முன்னால் பேசும்போதுகூட அவர் முகத்தில் அவ்வளவு பயத்தை நான் பார்த்ததில்லை. கொட்டகை அத்தியாயம் முடிந்ததும் பெரியம்மா தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இதுல நான் ரொம்ப வாயாடுறேன். அப்படியே இருக்கட்டும்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் எனக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. ரிட்டயர் ஆகும்வரை அங்கே தட்டினேன், ஆனால் மனுஷரைச் சாகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை, ஃபைலைத்தான் சாகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.