தோலுரித்த மீனுக்குப் பெயர் என்ன?

யுத்தம் முடிந்து, எங்கெங்கோ பிடித்த மீனெல்லாம் புத்தளத்துச் சந்தைகளில் கலக்கத் தொடங்கியிருந்த காலம். நான் கடற்றொழில் அலுவலகம் ஒன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். ஒரு நாள் பகல் சாப்பாட்டு நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து பெண் டொக்டர் ஒருவர் தொலைபேசி எடுத்தார்.

"மிஸ், கிளாத்தி மீன்ல நஞ்சு இருக்கா? ஒரு அம்மாவைக் கொண்டு வந்திருக்கிறாங்க. மீன் தின்ட கொஞ்ச நேரத்தில உதடு மரத்துப்போச்சாம். இப்ப கை தூக்க ஏலாம இருக்கு."

கிளாத்தி வெளிக்கடலின் அடியில் கற்பார் எனப்படும் பாறைகளை ஒட்டித் திரியும் மீன். தோல் அவ்வளவு தடிப்பு என்பதால் உரித்துத்தான் விற்பார்கள். அதைத் தின்று யாருக்கும் உதடு மரத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அது உடம்பை ஊதிப் பெருக்கும் நச்சு மீனான பேத்தையின் வேலை.

"பேத்தையா இருக்கலாம் டொக்டர். ஆனா நிச்சயமாத் தெரியாது."

"நிச்சயம் வரும்வரைக்கும் நான் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. மூச்சை நான் கவனிக்கிறன். நீங்க மீனைப் பாருங்க."

ஆஸ்பத்திரிக்குப் போனபோது வார்டுக்கு வெளியே நோயாளியின் கணவர் பாரூக் கறிச்சட்டியோடு நின்றார். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து கரைத்தீவில் குடியிருப்பவர், லொறி ஓட்டுகிறார். காலையில் பாலாவிச் சந்தியில் மீன் வாங்கியிருக்கிறார்.

"நானும் அதே கறியத்தான் தின்டேன் மிஸ். எனக்கு ஒண்டுமில்ல. ரிசானாக்கு மட்டும் ஏன் இப்படி?"

எனக்கும் அதுதான் விளங்கவில்லை. தலை இல்லை, தோல் இல்லை. பல்லைப் பார்த்தால் கிளாத்தியா பேத்தையா என்று ஒரு நொடியில் சொல்லிவிடலாம். பல்லுக்கு எங்கே போவது? துண்டுகளைக் கழுவி ஒரு தட்டில் பரப்பினேன். சில கிளாத்தி போலத் தட்டையாக இருந்தன, ஒன்றின் முதுகில் தடித்த முள்ளின் அடி தெரிந்தது. மற்றவை உருண்டை. கோழிக்கால் போல வால் பக்கம் ஒடுங்கியவை, முதுகில் முள்ளே இல்லை. ஒரே சட்டியில் இரண்டு மீன். பாரூக்கின் கோப்பைக்குத் தட்டைத் துண்டு போயிருக்க வேண்டும். டொக்டரிடம் அதைச் சொல்லிவிட்டுப் பாலாவிக்கு ஓடினேன்.

மீன்காரர் கொதித்துப்போனார். "என்ன கதை மிஸ் இது? பேத்தைய விக்க எனக்கென்ன பைத்தியமா? அவ்வளவும் கிளாத்தி."

"எந்தத் தண்ணியில பட்டது, நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

"ஒரு பெட்டி கற்பிட்டி வெளிக்கடல். மத்தது..." ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "மத்தது களப்புக்குள்ள, சாதாளையில போட்ட வலையில பட்டதாம். உரிச்சுத்தான் தந்தாங்க."

கரையோரக் களப்பின் ஆழமில்லாத தண்ணீரில் வளரும் சாதாளைப் புல்லுக்குள் பேத்தைதான் மேயும். கற்பாரில் வாழும் கிளாத்திக்கு அங்கே என்ன வேலை? ஐஸ் பெட்டியைக் கிளறினோம். உருண்டை மீன் இன்னும் கிடந்தது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் குழி வெட்டிக் கொட்டினார்.

ஆனால் பாதி விற்றுப் போயிருந்தது. பள்ளிவாசலில் அறிவித்தல் கொடுக்கலாம் என்று சந்தியில் நின்றவர்கள் சொன்னார்கள். என்ன பெயர் சொல்வது? பேத்தை என்றால், தான் பேத்தை வாங்கியதாக யாருமே நினைக்க மாட்டார்கள். கிளாத்தி என்றால், அதை வேறு பெயரில் அறிந்து வாங்கியவர்கள் சட்டியில் போட்டுவிடுவார்கள். மைக்கின் முன்னால் நின்ற லெப்பை, "செல்லுங்க மிஸ், என்ன மீன்?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"பேர் வேணாம். இண்டைக்குப் பாலாவிச் சந்தியில தோலுரிச்ச மீன் வாங்கின ஒருத்தரும் தின்ன வேணாம், எல்லாத்தையும் இங்க கொண்டு வாங்க எண்டு செல்லுங்க" என்றேன்.

பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னர் பள்ளி முற்றத்துக்கு மீன் வந்து சேர்ந்தது. சிலர் கறியாகவே கொண்டு வந்தார்கள். உருண்டைத் துண்டுகள் நான் பயந்ததைவிட அதிகம். வேறு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

ரிசானாவுக்கு மெஷின் மூச்சுக் கொடுத்தது. பிறகு ஒருநாள் விரலை அசைத்தார், அப்புறம் எழுந்து உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்தபின் பார்க்கப் போனேன்.

"மிஸ், நான் தின்டது பேத்தையில எந்தப் பேத்தை?"

"தெரியாது தங்கச்சி. தலையும் தோலும் இல்லாம என்னால செல்ல ஏலாது."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் அந்த இனம் எதுவென்று எனக்குத் தெரியாது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மீனின் பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்று உடனே சொல்லுங்கள். ஆனால் அது எந்தத் தண்ணீரில் பட்டது என்று கேட்காமல் திரும்பி வராதீர்கள்.