நடுகல் பார்க்கப் போன நாள்

அருங்காட்சியகத்தில் அந்த நடுகல்லைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். வாளோங்கி நிற்கும் வீரனைத் தொடப்போன எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் காவலாளி அதட்டினார். "வாங்க, தொட்டுப் பாக்குற கல்லு ஒண்ணு மத்தியானம் காட்டுறேன்" என்று அக்கா அவர்களைச் சமாதானப்படுத்தினார்.

அக்கா எங்கள் பள்ளியின் மூத்த சமூக அறிவியல் ஆசிரியை. தொண்ணூறுகளின் நடுவில், நீலசந்திராவிலிருந்த அந்தச் சின்னப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே பக்கத்தில் உட்காரவைத்து, தன் டிபன் டப்பாவை என் பக்கம் தள்ளியவர். காலையில் அருங்காட்சியகம், மதியம் ஏரிக்கரை என்று அந்தப் பயணத்தை இருவரும் சேர்ந்தே திட்டமிட்டோம். தலைமையாசிரியை தயங்கியபோது, "நாங்க ரெண்டு பேரும் பொறுப்பு மேடம்" என்றவரும் அவர்தான்.

அத்திபெலே போகும் வழியில், ஓர் ஏரிக்கரையில் வெயிலும் மழையும் தின்ற நடுகல் ஒன்று நின்றது. பிள்ளைகள் அதன்மேல் தாளை விரித்துக் கரியால் தேய்த்தார்கள். வீரனின் கொண்டையும் வாளும் தாளில் எழுந்து வந்தபோது ஒரே கூச்சல். பக்கத்துப் பாறையில் ஏறலாமா என்று ஒருத்தி கேட்டாள். ஈரமாக இருக்கிறதே என்றேன். "ஏறட்டும் விடுப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார் அக்கா.

அவள் வழுக்கி விழுந்தாள். முழங்கை முறிந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் அவளை மடியில் வைத்திருந்தேன்.

மறுநாள், பொம்மசந்திரா தொழிற்சாலையில் ஷிஃப்டை விட்டுவிட்டு வந்த அவள் அப்பா தலைமையாசிரியை அறையில் நின்றிருந்தார். "யாரு மிஸ் ஏறச் சொன்னது?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "நான் அப்பவே வேணாம்னேன். இவங்க புதுசு, கேக்கல."

மறுத்துப் பேச வேண்டும் என்றே தோன்றவில்லை. அடுத்த நொடியில் அவரே திருத்திச் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அந்த மாதத்தோடு என் வேலை போயிற்று. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது பக்கத்து வகுப்பிலிருந்து அவர் குரல் கேட்டது; அவர் வெளியே வரவில்லை.

பல வருடங்கள் கழித்து, சிவாஜிநகர் துணிக்கடை ஒன்றில் யாரோ என் கையைப் பற்றினார்கள். அக்கா! அதே பள்ளியில் தலைமையாசிரியை ஆகியிருந்தார். "பிள்ளைங்கள மொதமொதல்ல ஏரிக்குக் கூட்டிட்டுப் போனதே நாங்க ரெண்டு பேருதான்" என்று கூட வந்த மருமகளிடம் பெருமையாகச் சொன்னார். கரி, தாள், கூச்சல், எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "அவ்ளோ நல்லா பாடம் நடத்துவியே, ஏன்பா ஸ்கூலை விட்டுட்டே?" என்று கேட்டார்.

நடிக்கிறாரோ என்று அவர் கண்களையே பார்த்தேன். நடிப்பில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன்.