வாசலில் கழற்றிய ஹீல்ஸ்

முத்துச்செல்வியின் உயரம் நாலடி பத்து அங்குலம். ஆனால் காலையில் மாப்பிள்ளையூரணியில் பஸ் ஏறுவதிலிருந்து தூத்துக்குடியில் ஆபீஸ் படி ஏறும் வரை அவள் ஐந்தடிக்கு மேல். மீதியை ஹீல்ஸ் பார்த்துக்கொள்ளும். ஆபீஸுக்குள் அந்த உயரம் செல்லாது. துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குக்குச் சுங்க வேலை முடித்துக் கொடுக்கிற சின்ன ஆபீஸ் அது. முதலாளி செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் நாற்காலிக்கு மேலே முருகன் படம் இருக்கிறது. அதனால் எப்பேர்ப்பட்ட ஆளானாலும் செருப்பை மாடிப்படி ஓரத்து ஸ்டாண்டில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆசையாசையாய் வாங்கிய ஹீல்ஸ் வெளியே கிடக்க, இவள் நாள் முழுக்க வெறுங்காலோடு கம்ப்யூட்டரைத் தட்டுவாள். என்ன கொடுமை பாருங்கள்.

கையில் காசு குறைவு என்பதற்காக ஏனோதானோ என்று உடுத்துகிற ஆள் இல்லை அவள். தள்ளுவண்டியில் குவித்துப் போட்ட துண்டுத் துணியில் குர்தா தைப்பாள். கிழிந்த பட்டுப் புடவையின் கரையை வெட்டிக் கைக்கு வைப்பாள். சாதாரண சட்டைக்குப் பொத்தானை மட்டும் மாற்றிவிட்டுப் பெரிய கடையில் எடுத்ததுபோல் நடப்பாள். முத்துக் குளித்த ஊரில் பிளாஸ்டிக் முத்துக் கம்மல் போட்டுக்கொண்டு, "ஏளா, நெச முத்தா?" என்று கேட்கிறவர்களுக்குச் சிரிப்பை மட்டும் பதிலாகத் தருவாள். ஹீல்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். குதிகால் தேயத் தேய, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் புது ரப்பர் அடித்துக்கொள்வாள். செருப்பு வந்த அட்டைப் பெட்டியைக்கூட எறிய மாட்டாள். பீரோ மேல் அடுக்கி, ஒன்றில் கம்மல், ஒன்றில் நூல், ஒன்றில் பொத்தான் என்று போட்டு வைப்பாள். இது வெறும் பகட்டு என்று நினைக்க வேண்டாம். பேங்க் கவுண்டரில் அவள் தலை தெரியாமல் பின்னால் நிற்பவரை "சொல்லுங்க சார்" என்று கூப்பிட்ட காலம் உண்டு. ஹீல்ஸ் போட்டபிறகுதான் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள்.

போன மாதம் வேல்ராஜ் அட்டைப் பெட்டியோடு ஒரு ஜோடி ஹீல்ஸ் கொண்டுவந்தான். அண்ணாச்சியின் அக்கா மகன், ஆபீஸ் குடோனைப் பார்த்துக்கொள்பவன்.

"எங்க மச்சான் கோவில்பட்டில கட போட்டிருந்தாம்ளா, ஓடல, மூடிட்டான். கெடந்த சரக்கு இது. ஒன் காலுக்குத்தான் சேரும்."

மரூன் நிறம், மூன்றரை அங்குலம், வார்ப்பூட்டில் பித்தளையில் மூன்று இலை. அவளுக்குக் கண் அங்கேயே ஒட்டிக்கொண்டது. விலையும் கைக்கு அடக்கமாக இருந்தது. வேறெதுவும் யோசிக்கத் தோன்றவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை, அண்ணாச்சி விபூதி பூசிக்கொண்டே கூப்பிட்டார். "ஏளா செல்வி, மதுரப் பார்ட்டி ஏதோ மெயில் போட்டிருக்கானாம். வாசி பாப்போம்."

அவள் வாசித்தாள். மதுரைக்காரருக்காக வெளிநாட்டிலிருந்து வந்து இவர்கள் குடோனில் இறக்கி வைத்த சரக்கில் இரண்டு பெட்டி குறைகிறதாம். நஷ்டத்தைக் கணக்கெடுக்கும் இன்சூரன்ஸ் சர்வேயர் சிவப்பிரகாஷ் இன்றே நேரில் வருகிறாராம். குறைந்த சரக்கின் விவரம்: பெண்கள் காலணி, மரூன் நிறம், மூன்றரை அங்குலக் குதிகால்.

"பூட்டுல..." என்றாள். அதற்கு மேல் வாசிக்காமல் நிறுத்தினாள்.

"பூட்டுல என்னா?"

"மூணு இல, அண்ணாச்சி."

அண்ணாச்சி விபூதித் தட்டைக் கீழே வைத்தார். மேஜைக்கு அடியில் அவள் வெறுங்காலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் போனை எடுத்து வெளியே போய்ப் பேசினார்.

அந்த ஜோடி இப்போது எங்கே இருக்கிறது? வாசலில், ஸ்டாண்டின் மேல் தட்டில், பூட்டு பளபளக்க, வருகிறவர் கண்ணில் படும்படி இருக்கிறது. சர்வேயர் வந்தால் முதலில் என்ன செய்வார்? குனிந்து ஷூவைக் கழற்றுவார். கழற்றி எங்கே வைப்பார்? அவள் ஹீல்ஸுக்குப் பக்கத்தில். திருட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு மாதமாக ஊரெல்லாம் மினுக்கியிருக்கிறாள். வேலை போகும். போலீஸ் வரும். "அவ மினுக்கும்போதே தெரியும்" என்று தெரு பேசும்.

எப்படியாவது எடுத்து ஒளித்துவிட வேண்டும் என்று இரண்டு முறை எழுந்தாள். முதல் முறை அண்ணாச்சி பழைய ஃபைலைக் கேட்டார். இரண்டாம் முறை, "எங்கன போற? இரி" என்றார். அந்தக் குரலுக்குப் பிறகு அவளுக்கு எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை.

பதினொன்றரைக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஷூ கழலும் ஓசை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சர்வேயர் உள்ளே வந்தார். ஒல்லியான, சிரிக்காத மனிதர். அவர் பின்னாலேயே வேல்ராஜும் வந்து சுவரோரம் நின்றான். இவள் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க குடோன்ல ஒரு குண்டூசி காணாமப் போனது கெடையாது சார்," என்றார் அண்ணாச்சி.

"இறக்கின அன்னிக்குப் பெட்டிகளை எண்ணினது யாரு? அவங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். நான் கீழ டீ குடிச்சிட்டு வர்றேன்."

அவர் வெளியே போனார். முத்துச்செல்வி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஷூ மாட்டும் சத்தம், பிறகு படி இறங்கும் சத்தம். நடுவில் ஒரு நொடிகூட அவர் நிற்கவில்லை. முருகா, பார்க்கவில்லை! அவள் எழுந்து ஓடினாள். அண்ணாச்சியும் தடுக்கவில்லை.

ஸ்டாண்டின் மேல் தட்டில் ஹீல்ஸ் இல்லை. அந்த இடத்தில் புத்தம்புது நீல ரப்பர் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

அவளுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அது மறைவதற்குள் பின்னாலிருந்து அண்ணாச்சி சொன்னார். "அது ஒனக்குச் சரிப்படாதுளா. கால் பிசகிரும். இனிமே இதயே போட்டுட்டு வா."

மெயிலில் சொன்ன செருப்பு அவளுடையதுதான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று அவரும் கேட்கவில்லை. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வேல்ராஜ் மட்டும் இல்லை, இவருக்கும் தெரியும். காலையில் வெளியே போய் இவர் போனில் பேசியது வேல்ராஜிடம்தான்.

"உள்ள வா, கையெழுத்துப் போடு."

தாள் தயாராக இருந்தது. சரக்கு இறக்கிய அன்று பெட்டிகளை எண்ணிச் சரிபார்த்தவர் எம். முத்துச்செல்வி என்று இருந்தது. அவள் குடோன் வாசலைக்கூட மிதித்தவள் இல்லை.

"நா எண்ணலயே அண்ணாச்சி."

"சும்மா ஒரு பேருக்குத்தானளா. நம்ம ஆபீஸு, நம்ம வேல. போடு."

வேல்ராஜ் பேனாவைத் திறந்து நீட்டினான். இத்தனை நேரமும் வெளியிலிருந்து வருகிறவரை நினைத்துப் பயந்தவளுக்கு, இப்போது அறைக்குள் இருந்த இரண்டு பேரையும் பார்க்கப் பயமாக இருந்தது. நாளை எங்கேனும் அந்த ஹீல்ஸ் கிடைத்தால், அதைப் போட்டுத் திரிந்தவளும் இவள், பெட்டி எண்ணியவளும் இவள். ஆசைப்பட்ட ஒரு ஜோடி செருப்பை வைத்தே அவளைக் கட்டிவிட்டார்கள்.

"பாத்ரூம் போயிட்டு வாரேன்," என்றாள்.

நீலச் செருப்பில் காலை நுழைக்கவில்லை. வெறுங்காலோடு படிகளில் தடதடவென்று இறங்கினாள். மேலிருந்து "ஏளா! ஏளா செல்வி!" என்று கேட்டது. தார் ரோடு கொதித்தது. எதிரே டீக்கடையில் சர்வேயர் கண்ணாடி டம்ளரை ஊதிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க தேடுத செருப்புல ஒரு ஜோடி எங்கிட்டதான் இருந்துச்சு. திருட்டுன்னு தெரியாம வாங்கிட்டேன். இப்பதான் எடுத்து ஒளிச்சிட்டாங்க. ஆனா அது வந்த அட்டப்பெட்டி எங்க வீட்ல பீரோ மேல இருக்கு. மேல சரக்கு நம்பர் ஒட்டியிருக்கு சார். கம்மல் போட்டு வச்சிருக்கேன்."

சர்வேயர் டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு வித்தாங்க?"

மாடி ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. தாரின் சூடு தாங்காமல் குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்றாள்.

"வேல்ராஜ்," என்றாள். குரல் நடுங்கியது. ஆனாலும் பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.