பில்லில் ஷம்ஸியா என்று எழுதுங்கள்

"கடைக்கு ரெண்டு பேரு போறோம். வாங்க வந்தது யாருன்னு கடைக்காரரு எதை வச்சு முடிவு பண்ணுதாரு?"

மேலப்பாளையத்தில் தன் வீட்டு உள்ளறையில், ஈரம் சொட்டும் பிலிம் சுருளைக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டபடி ஷம்ஸியா என்னிடம் இதைக் கேட்டார். அவர் முகம் சிவந்திருந்தது. பிறகு நடந்ததை முதலிலிருந்து சொன்னார்.

ஷம்ஸியாவுக்கு வயது முப்பத்தாறு. கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பது அவருடைய தொழில். அந்தப் பக்கம் ஆண் போட்டோக்காரர் யாரும் வர முடியாது. சில வீடுகளில் டிஜிட்டல் கேமராவுக்கும் இடமில்லை. மூன்று வருஷத்துக்கு முன் யாரோ ஒருத்தி செல்போனில் எடுத்த மணப்பெண் படம் எந்தெந்த வாட்ஸ்அப் குழுவுக்கோ போய்விட்டது. அந்தப் பெண்ணின் வாப்பா ஒரு மாதம் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. அதிலிருந்து அந்த வீடுகளில் பெண்கள் பக்கத்து வாசலில் ஒரு ஓலைப்பெட்டி வைக்கிறார்கள். வருகிறவர்கள் செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். படம் வேண்டுமென்றால் பிலிம்தான்.

பிலிமைக் கழுவுவது, பிரிண்ட் போடுவது எல்லாமே ஷம்ஸியா தன் வீட்டிலேயே செய்கிறார். கருப்பு வெள்ளைதான். பட்டின் நிறம் தெரியவில்லையே என்று யாரும் குறைப்பட்டதில்லை. பிரிண்டோடு நெகட்டிவையும் பெண்ணின் உம்மா கையில் கொடுத்துவிடுவார். அவர்கள் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு கட்டமாக எண்ணுவார்கள். ஒரு ரோலுக்கு முப்பத்தாறு. ஒன்று குறைந்தால் அந்தத் தெருவில் அடுத்த கல்யாணத்துக்கு அழைப்பு வராது. இதுவரை ஒன்றுகூடக் குறைந்ததில்லை.

அவரிடம் மூன்று லென்ஸ் உண்டு. மவுத்தாகிப்போன வாப்பா ஜித்தாவிலிருந்து கொண்டுவந்தவை. கூட்டத்தை அகலமாகப் பிடிக்க ஒன்று, சாதாரணமாக எடுக்க ஒன்று, தூரத்தை இழுக்க ஒன்று. மூன்றும் பாட்டில் மூடியைப் போல மரையில் திருகி மாட்டுகிற பழைய வகை. போன மாதம் கேமராவின் ஷட்டர் துணி கிழிந்தது. லென்ஸ் மூன்றும் பழுதில்லை, மாட்டத்தான் கேமரா உடம்பில்லை.

சுபைதா பேகத்தின் மகள் தஸ்மியாவின் நிக்காஹுக்கு அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது. சுபைதா பேகம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"மாப்பிள்ளை வீட்டாளுக பிலிமெல்லாம் எதுக்குங்காக. நான்தான் பிடிவாதமா நிக்கேன். படம் சரியா வரலைன்னா பெட்டியை எடுத்துருவோம் ஷம்ஸியா. அவளவ செல்போன்ல எடுத்துக்கிடட்டும்."

பெட்டி போனால் ஷம்ஸியாவின் வேலையும் போகும். ஒரு வீட்டில் எடுத்தால் போதும், தெரு முழுக்க எடுத்துவிடுவார்கள்.

ஜங்ஷனில் பழைய கேமரா விற்கிற கடைக்கு ஷம்ஸியா தன் தம்பி அனஸோடு பைக்கில் போனார். அனஸ் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். கேமராவில் எந்தப் பக்கம் கண் வைக்க வேண்டும் என்பது வரைக்கும் அவனுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. லென்ஸ் இருந்த பை ஷம்ஸியாவின் தோளில் இருந்தது.

கடைக்காரர் நமச்சிவாயம் அந்தப் பையைப் பார்த்தார். அதைச் சுமந்து நின்ற ஆளைப் பார்க்கவில்லை.

"வாங்க தம்பி. என்ன பாக்குதீங்க?"

"திருகு லென்சுக்கு பாடி வேணும், அண்ணாச்சி" என்றார் ஷம்ஸியா.

"தம்பி எந்த பட்ஜெட்டுல பாக்குதீங்க?"

அனஸ் அக்காளைப் பார்த்தான். அக்காள் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நமச்சிவாயம் அனஸுக்குப் பதில் சொன்னார். அரை மணி நேரம் இப்படியே போனது. ஷம்ஸியா கேட்பார், அனஸுக்குப் பதில் வரும்.

கடைசியில் நமச்சிவாயம் நல்ல கனமான ஒரு கேமராவை எடுத்து மேசையில் வைத்தார். பெயர்பெற்ற கம்பெனி. பார்க்கவே எடுப்பாக இருந்தது.

"இது திருகு இல்லையே, பூட்டுற டைப்புல்லா" என்றார் ஷம்ஸியா.

"அதுக்குத்தான் வளையம் இருக்கு தம்பி. இதைப் போட்டா எந்த லென்சும் நிக்கும்." மெல்லிய உலோக வளையம் ஒன்றை எடுத்துக் காட்டினார். "கனம் கொஞ்சம் ஜாஸ்தி. அக்காவுக்குக் கை தாங்குமான்னு கேட்டுக்கிடுங்க."

ஷம்ஸியா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். ரெண்டடி தூரத்தில். கல்யாண வீட்டில் ஆறு மணி நேரம் நின்றபடி கேமரா பிடிக்கிற கை அது.

வளையத்தை மாட்டி, சாதாரணமாக எடுக்கிற லென்ஸைத் திருகி, நமச்சிவாயம் கேமராவை அனஸ் கையில் கொடுத்தார். கடை ஒடுக்கமானது. மேசைக்குப் பின்னால் நாலடியில் சுவர், சுவரில் தினசரி காலண்டர். அனஸ் அதைப் பார்த்து லென்ஸைத் திருகினான்.

"நல்ல நேரம், எமகண்டம் எல்லாம் கிளீனாத் தெரியுது லாத்தா."

ஷம்ஸியாவும் வாங்கிப் பார்த்தார். தெரிந்தது. இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. பத்து வருஷம் ஒரு கலர் லேபில் பிரிண்ட் வெட்டியவர் அவர். மங்கிய படங்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார்.

"வாசல்ல கொண்டுபோயி தூரத்துல ஒருக்கப் பாத்துட்டு வாறேன்."

"பொருளை வெளிய கொண்டுபோக விடுததில்ல தம்பி. நம்பிக்கைதான வியாபாரம்?"

"லாத்தா, சும்மா இரு. அண்ணாச்சிக்குத் தெரியாததா?" என்றான் அனஸ்.

ஷம்ஸியா வாயை மூடிக்கொண்டார். தப்பு அங்கேதான் நடந்தது. அதை அவரே சொன்னார். வெளி ஆள் முன்னால் தம்பியை மட்டம் தட்டக் கூடாது, அவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று சின்ன வயசிலிருந்து உம்மா சொல்லி வளர்த்திருக்கிறார். அக்காளை மட்டம் தட்டினால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

பணத்தைக் கொடுத்தது ஷம்ஸியா. நமச்சிவாயம் பில்லை எடுத்து, "தம்பி பேரு?" என்று கேட்டு, அனஸ் என்று எழுதினார்.

திரும்பும்போது கொக்கிரகுளத்து ஆற்றுப் பாலத்தில் ஷம்ஸியா பைக்கை நிறுத்தச் சொன்னார். கேமராவைக் கண்ணில் வைத்தார். ஆற்றில் குளிப்பவர்களைப் பார்த்தார். லென்ஸைக் கடைசி வரை திருகினார். அதற்கு மேல் திரும்பாது. ஆற்றில் ஆள் இல்லை, வெள்ளை வெள்ளையாகப் புகைதான் இருந்தது. பாலத்துக் கைப்பிடிச் சுவர் மட்டும் தெளிவு.

விஷயம் சின்னதுதான். லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே இன்ன தூரம் என்று கணக்கு உண்டு. அந்தக் கேமராவில் வளையத்தோடு சேர்ந்து அந்தத் தூரம் கூடிவிட்டது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் கிட்டத்தில் இருப்பது தெரியும், தூரம் ஒருநாளும் தெளியாது. அகல லென்ஸில் இன்னும் மோசம், கையெட்டும் தூரம்கூட மங்கும். நாற்பது பெண்களை நிற்கவைத்து எடுத்தால் நாற்பது பேரும் புகை. காலண்டரைப் படிக்கத்தான் அந்தக் கேமரா ஆகும்.

"நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட். ஞாயித்துக்கிழமை வந்து நான் பேசுதேன்" என்றான் அனஸ்.

"நீ பேசினது போதும்லே" என்றார் ஷம்ஸியா.

மறுநாள் டவுன் பஸ்ஸில் தனியாகப் போனார். பையில் மூன்று லென்ஸ், கேமரா, வளையம், பில். கடையில் ரெண்டு பேர் நின்றார்கள். நமச்சிவாயம் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தார், பின்னால் யாராவது வருகிறார்களா என்று.

"தம்பி வரலையா?"

"வரல. இது எனக்கு ஆகாது. மாத்தித் தாங்க."

"பில்லு தம்பி பேருல இருக்கும்மா. அவரு வரட்டும், பேசிக்கிடுதேன்."

ஷம்ஸியா கேமராவை எடுத்து மேசையில் அவர் முன்னால் வைத்தார்.

"அண்ணாச்சி, எதுத்தாப்புல ஒரு பஸ் நிக்கி. போர்டுல என்ன ஊருன்னு இது வழியாப் பாத்துச் சொல்லுங்க. சொல்லிட்டீகன்னா நான் போயிருதேன்."

"எனக்கு வியாபார நேரம்மா."

"எனக்கும் வியாபாரம்தான். பாருங்க."

குரல் உயரவில்லை. ஆனால் நின்றிருந்த ரெண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நமச்சிவாயம் வேறு வழியில்லாமல் கண்ணில் வைத்தார். திருகினார். திரும்பத் திருகினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கண்ணுல பவர் ஏறிட்டு போல."

"உங்க கண்ணுல இல்ல, அண்ணாச்சி. வளையத்துல இருக்கு. நேத்து நாலடியில காலண்டரைக் காமிச்சீக. கல்யாணத்துல நான் காலண்டரையா எடுக்கப்போறேன்?"

நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். "போர்டுல அம்பைன்னு போட்டிருக்குவே" என்று வெறும் கண்ணால் படித்தும் சொன்னார்.

"கண்ணாடி வச்ச வளையம் ஒண்ணு இருக்கு. அதைப் போட்டா தூரம் தெரியும்" என்றார் நமச்சிவாயம். இப்போது ஷம்ஸியாவிடமே சொன்னார்.

"தெரியும். அந்த மட்டமான கண்ணாடி வழியாத் தெரியும். நல்ல லென்சு மூணு வச்சுக்கிட்டு நான் எதுக்கு அது வழியாப் பாக்கணும்? திருகு பாடி என்ன இருக்கு, எல்லாத்தையும் எடுங்க."

கீழ்த்தட்டிலிருந்து நாலு வந்தது. ஒன்றில் ஷட்டர் சிக்கியது. ஒன்றில் மரை தேய்ந்து லென்ஸ் ஆடியது. மூன்றாவதன் பின்கதவைத் திறந்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார், ஷட்டர் துணியில் ஊசிக்கண்ணாக ஓட்டை தெரிந்தது. நாலாவது, பெயின்ட் உரிந்து பித்தளை தெரிகிற ஒன்று. துணியில் ஓட்டை இல்லை. ஷட்டர் வேகத்தை ஒரு செகண்டில் வைத்து அமுக்கிக் காதோடு பிடித்துக் கேட்டார். அரை செகண்ட், கால் செகண்ட் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு மூன்று லென்ஸையும் வரிசையாகத் திருகிப் பார்த்தார்.

"அது வெளிச்சம் காட்டுத முள்ளு வேலை செய்யாது" என்றார் நமச்சிவாயம். "வெளிச்சம் புகாம பின்கதவு ஓரத்துல ஒட்டுத ஸ்பாஞ்சும் பிசுபிசுங்கும். அதான் கீழ போட்டிருக்கேன்."

"வெளிச்சம் எனக்குத் தெரியும். ஓரத்துக்குக் கம்பளி நூல் ஒட்டிக்கிடுவேன்."

கேமராவோடு வாசலுக்கு நடந்தார். நமச்சிவாயம் தடுக்கவில்லை. அம்பை பஸ் போய்விட்டிருந்தது. வேறொன்று நின்றது. "திருச்செந்தூர்" என்று உரக்கப் படித்தார். அகல லென்ஸை மாற்றி மறுபடி படித்தார். தூர லென்ஸை மாட்டி, டிரைவர் காதோரம் செருகியிருந்த பூவையும் சொன்னார்.

நமச்சிவாயம் பழைய பில்லை வாங்கிக் கிழித்துப்போட்டு, மீதிப் பணத்தைக் கொடுத்து, புது பில்லில் பேனாவை வைத்தார். பழக்க தோஷத்தில் 'அ' என்று எழுதிவிட்டார்.

"ஷம்ஸியான்னு எழுதுங்க. அடிச்சு எழுத வேண்டாம், வேற பில்லு போடுங்க."

போட்டார்.

நிக்காஹ் அன்று வாசலில் ஓலைப்பெட்டி இருந்தது. ஷம்ஸியாவின் செல்போனும் அதற்குள்தான் போனது. முற்றத்து வெளிச்சத்தைக் கண்ணால் அளந்து நாலு ரோல் எடுத்தார். நாற்பது பெண்களும் சேர்ந்து நின்ற படத்தில், கடைசி வரிசை ஓரத்தில் நின்ற கிழவி காதில் போட்டிருந்த அலுக்கத்து வளையம்கூடத் தனியாகத் தெரிந்தது. மறு வாரம் சுபைதா பேகம் சன்னலோரம் உட்கார்ந்து நெகட்டிவை எண்ணினார். நூற்று நாற்பத்து நாலு. குறையவில்லை. மாப்பிள்ளையின் உம்மாவும் பார்த்துவிட்டு, தன் மகள் கல்யாணத்துக்கும் பெட்டி வைக்கலாம் என்றாராம்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு எழுதத் தோன்றியிருக்காது.

நெகட்டிவை உறையில் போட்டு மூடிக்கொண்டே சுபைதா பேகம் சொன்னார்: "உன் தம்பி கெட்டிக்காரன் ஷம்ஸியா. கடைக்காரன்கிட்ட சண்டை போட்டு நல்ல கேமராவாப் பொறுக்கி வாங்கியாந்தானாமே. நிக்காஹ் அன்னைக்கு ஆம்பளைங்க பக்கம் அதான் பேச்சு."

ஷம்ஸியா பையிலிருந்து பில்லை எடுத்தார். அதில் இருந்த பெயரைச் சுபைதா பேகத்தை வாய்விட்டுப் படிக்கவைத்தார். வீட்டுக்குப் போய் அனஸையும் படிக்கவைத்தார்.

"பேச்சுவாக்குல வந்துட்டு லாத்தா" என்றான் அவன்.

"வந்தது மாதிரியே போயி, எல்லாருகிட்டயும் மாத்திச் சொல்லிட்டு வா."

அவன் இன்னும் போகவில்லை. ஆம்பளைங்க பக்கம் இன்றைக்கும் அந்தக் கேமராவை வாங்கியது அனஸ்தான். ஷம்ஸியாவின் கோபமும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.

அதனால் இதைப் படிக்கிற நீங்கள் ஒன்று செய்யுங்கள். பழைய கேமரா வாங்கப் போகிறவர் யாராவது தெரிந்தால், மூன்று லென்ஸையும் கொண்டுபோங்கள், வாசலுக்கு வந்து தூரத்துப் பஸ் போர்டைப் படித்துப் பாருங்கள் என்று சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்பார்கள். மேலப்பாளையத்து ஷம்ஸியா சொன்னது என்று, பெயரைச் சேர்த்தே சொல்லுங்கள். முக்கியமாக, ஆண்கள் உட்கார்ந்து பேசுகிற இடத்தில் சொல்லுங்கள்.